அட்டைச் சுவரும் மரக் கூரையும் கொண்ட பழைய மாதிரி ரயில் சரக்குப் பெட்டி: எங்கே, எப்போது செய்யப்பட்டது?

கேள்வி

வணக்கம். என் பெரியப்பா அமெரிக்காவில் பணியாற்றிய ஆண்டுகளில் மாதிரி ரயில்களைச் சேர்த்து வந்தார். அவர் மறைவுக்குப் பின் என்னிடம் வந்த பொருள்களுள் தனியாக நின்ற ஒரு சரக்குப் பெட்டியைப் பற்றி இங்குள்ள பெரியவர்களிடம் கேட்க விரும்புகிறேன். அதன் விற்பனை உறையோ, விளக்கத் தாளோ கிடைக்கவில்லை.

பெட்டியின் கூரையும் அடித்தளமும் மரத்தால் ஆனவை. நீளப் பக்கங்கள் இரண்டும் கெட்டியான அட்டை. அதன் மீது செங்குத்தான பலகைக் கோடுகளும் எழுத்துகளும் அச்சிடப்பட்டுள்ளன. முன்பின் முகப்புகள் உலோக வார்ப்பு. பக்கங்கள் மஞ்சள், முகப்புகளும் கூரையும் கருஞ்சிவப்பு. நடுவில் கீல் வைத்த இரட்டைக் கதவு இருப்பதால் இது பனிக்கட்டி வைத்துக் குளிரூட்டும் வண்டி என்று நினைக்கிறேன். பக்கத்தில் ஓர் இறைச்சி நிறுவனத்தின் பெயர் பெரிய எழுத்தில் உள்ளது. வண்டிக்குரிய எழுத்துக் குறி எக்ஸ் என்ற எழுத்தில் முடிகிறது. அதன் அருகில் ஓர் எண்ணும், கீழே சிறிய எழுத்தில் கட்டப்பட்ட தேதியாக 6-29 என்பதும் காணப்படுகின்றன. இணைப்பிகளை விட்டுவிட்டு அளந்தால் நீளம் 127 மில்லிமீட்டர், அகலம் 31 மில்லிமீட்டர்.

என் குழப்பம் இதுதான். பக்கத்தில் உள்ள தேதியைப் பார்த்தால் இது 1929 ஜூன் மாதத்தில் செய்யப்பட்டது என்று தோன்றுகிறது. ஆனால் சக்கரங்களைத் தாங்கும் கறுப்புப் பிளாஸ்டிக் போகிகளின் உட்புறத்தில் ஹாங்காங் என்று ஆங்கிலத்தில் புடைப்பெழுத்து இருக்கிறது. 1929-இல் ஹாங்காங்கில் இப்படி ஒரு பொருளைச் செய்திருக்க முடியுமா? மேலும், பிற பெட்டிகளோடு வைத்துப் பார்த்தால் இது குட்டையாக இருக்கிறது. வேறு அளவுவிகிதத்தைச் சேர்ந்ததோ என்ற ஐயமும் உண்டு. பெட்டியை அசைத்தால் உள்ளே ஏதோ உருளும் ஓசை கேட்கிறது.

மறுமொழி 1

வணக்கம் நண்பரே. அளவுகளைத் தெளிவாகக் கொடுத்திருக்கிறீர்கள், அங்கிருந்தே தொடங்கலாம்.

முதலில் தேதியைப் பற்றி. பக்கத்தில் அச்சிடப்பட்டிருப்பது மாதிரி செய்யப்பட்ட தேதி அன்று. எந்த உண்மையான வண்டியைப் பார்த்து இது செய்யப்பட்டதோ, அந்த வண்டி பட்டறையிலிருந்து வெளிவந்த மாதமும் ஆண்டுமே அது. அமெரிக்க சரக்கு வண்டிகளில் கொள்ளளவு, சுமை வரம்பு, வெற்று எடை, கட்டப்பட்ட தேதி எல்லாவற்றையும் பக்கத்திலேயே எழுதி வைக்கும் வழக்கம் உண்டு. மாதிரி செய்பவர் அதை எழுத்துக்கு எழுத்து நகலெடுப்பார். ஆகவே 6-29 என்பது ஒரு கீழெல்லையை மட்டுமே தருகிறது: இந்த மாதிரி 1929-க்கு முந்தியதாக இருக்க முடியாது. எத்தனை ஆண்டு பிந்தியது என்பதை அது சொல்லாது. இன்று அச்சிடப்படும் மாதிரியிலும் 6-29 இருக்கலாம்.

எக்ஸ் என்ற எழுத்தில் முடியும் குறி, அந்த உண்மையான வண்டி ரயில் நிறுவனத்துக்குச் சொந்தமானதன்று, தனியார் உடைமை என்பதைக் காட்டுகிறது. இறைச்சி நிறுவனங்களின் வண்டிகள் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தன. பெரிய விளம்பர எழுத்துகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. வாடகைக்கு எடுத்த வண்டிகளில் சரக்கு அனுப்புவோரின் விளம்பரத்தை எழுதும் வழக்கத்தை அமெரிக்காவின் மாநிலங்களிடை வணிக ஆணையம் 1934-இல் தடுத்தது. அதன் பிறகு தண்டவாளத்தில் அந்த வண்ணமயமான வண்டிகள் மெல்ல மறைந்தன. ஆனால் மாதிரி உலகில் அவை ஒருபோதும் மறையவில்லை, ஏனெனில் வாங்குவோர் அவற்றைத்தான் விரும்பினர். ஆகையால் வண்ணப்பூச்சை வைத்து மாதிரியின் வயதைக் கணிப்பது பாதுகாப்பான வழியன்று.

இனி அளவு. மாதிரி ரயில்களில் ஹெச்ஓ எனப்படும் அளவுவிகிதம் 1:87.1; அதாவது உண்மையான ஓர் அடிக்கு 3.5 மில்லிமீட்டர். உங்கள் 127 மில்லிமீட்டரை 3.5-ஆல் வகுத்தால் 36 அடிக்குச் சற்றே கூடுதலாக வருகிறது. இறைச்சி ஏற்றிய குளிர் வண்டிகள் பல 36, 37 அடி நீளமே கொண்டவை. பொதுச் சரக்கு வண்டிகளில் 40 அடி பொது அளவாகிவிட்ட பிறகும் இவை குட்டையாகவே நீடித்தன. உங்கள் பெட்டி குட்டையாகத் தெரிவதற்கு அதுவே போதுமான காரணம். 40 அடி வண்டி ஹெச்ஓ-வில் ஏறத்தாழ 140 மில்லிமீட்டர் வரும். அருகில் வைத்தால் வேறுபாடு கண்ணில் படத்தான் செய்யும்.

ஆயினும் நீளத்தை மட்டும் நம்பி முடிவு கட்ட வேண்டாம். அமெரிக்காவில் ஓஓ என்ற 1:76 விகிதமும் ஒரு காலத்தில் பயன்பட்டது. பொம்மை ரயில் நிறுவனமான லயனலே 1938 முதல் 1942 வரை அந்த அளவில் ரயில்களை விற்றது. ஹெச்ஓ-வின் தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர், அமெரிக்க ஓஓ-வுக்கு 19. எனவே சக்கரங்களை அளந்தால் போதும் என்று தோன்றும். ஆனால் உங்கள் சக்கரங்கள் பெட்டியோடு பிறந்தவைதாமா என்பதே எனக்கு ஐயமாக உள்ளது. ஆகவே மாற்ற முடியாத பகுதியை அளக்க வேண்டும். உங்கள் 31 மில்லிமீட்டர் அகலம் ஹெச்ஓ-வில் 8 அடி 10 அங்குலத்துக்கு அருகில் வரும். அது வண்டிக்கு இயல்பான அகலம். அதையே 1:76 என்று கொண்டால் 8 அடிகூட வராது. அப்படி ஒடுங்கிய குளிர் வண்டியை நான் பார்த்ததில்லை. கதவின் அகலத்தையும் அளந்து சொல்லுங்கள். இவ்வகை வண்டிகளில் கதவு 4 அடி அகலம் இருப்பது வழக்கம். ஹெச்ஓ எனில் 14 மில்லிமீட்டர், ஓஓ எனில் 16.

மறுமொழி 2

முதல் மறுமொழியோடு முழுதும் உடன்படுகிறேன். பல ஆண்டுகளாக இத்தகைய மர, அட்டை வண்டிகளைக் கட்டியும் பழுதுபார்த்தும் வருகிறவன் என்ற முறையில், அடிப்புறத்தைப் பற்றிச் சில செய்திகளைச் சேர்க்கிறேன்.

பழைய மாதிரி வண்டி ஒன்றைக் கையில் எடுத்ததும், அதை ஒரே பொருளாக எண்ணும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். உடல், போகி, சக்கரம், இணைப்பி ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனிச் சாட்சி. ஒவ்வொரு சாட்சியும் தன்னைப் பற்றி மட்டுமே பேசும். ஹாங்காங் என்ற சொல் அந்தப் போகியைப் பற்றிய வாக்குமூலம். மரக் கூரையைப் பற்றியதன்று. 1970-களில் அமெரிக்கச் சந்தைக்கான மலிவான ரயில் தொகுப்புகளில் பெரும்பகுதி ஹாங்காங்கில் செய்யப்பட்டது. அத்தகைய வண்டியிலிருந்து கழற்றிய போகிகளைப் பழைய உடலுக்குப் பொருத்துவது மிகச் சாதாரணமான செயல், ஏனெனில் பழைய உலோகப் போகிகள் இறுகிச் சரியாக உருளாமல் போய்விடும்.

போகியின் மேற்பரப்பை விரலால் தடவிப் பாருங்கள். மெழுகு பூசியது போல் வழுக்கினால், பசையும் வண்ணமும் அதில் ஒட்ட மறுத்தால், அது அசெட்டல் வகைப் பிளாஸ்டிக். டூபாண்ட் நிறுவனம் டெல்ரின் என்ற பெயரில் அதை வணிக அளவில் விற்கத் தொடங்கியது 1960-இல். ஆகவே அந்தப் போகிகள் 1960-க்குப் பிந்தியவை என்பது உறுதியாகிவிடும்.

இணைப்பியைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. அது பிளாஸ்டிக்கில், பக்கவாட்டில் வளைந்த நகம் போன்ற கொக்கியும், கீழ்ப்பகுதியில் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பும் கொண்டதாக இருந்தால், அது எக்ஸ்2எஃப் வகை. அமெரிக்க மாதிரி ரயில் ஆர்வலர்களின் தேசியச் சங்கமான என்எம்ஆர்ஏ-வின் முயற்சியில் உருவானது. முறையான தரமாக அது என்றும் ஏற்கப்படவில்லை. ஆனாலும் 1950-களின் பிற்பகுதியிலிருந்து ஏறக்குறைய எல்லாத் தயாரிப்பாளர்களும் அதையே பொருத்தினார்கள். காந்தத்தால் பிரியும் கேடி இணைப்பி 1959-இல் வந்தது. அக்கறையுள்ளவர்கள் அதற்கு மாறினார்கள். அதற்கு முந்திய காலத்தில் மான்டுவாவின் வளையக் கொக்கியும் பேக்கர் இணைப்பியும் புழக்கத்தில் இருந்தன. இப்போதிருக்கும் இணைப்பியின் அருகே அடித்தளத்தில் பயனற்ற பழைய ஆணித் துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு வண்டியின் முதல் இணைப்பி எது என்பதைத் துளைகளின் இடம்தான் காட்டிக்கொடுக்கும். இதில் நான் பலமுறை விடை கண்டிருக்கிறேன்.

பிரேக் உறுப்புகளையும் கவனியுங்கள். அமெரிக்க வண்டிகளில் பழைய கே வகைப் பிரேக்கில் காற்றுக் கலனும் உருளையும் ஒன்றோடொன்று சேர்ந்த ஒரே உறுப்பாக இருக்கும். 1933-இல் வந்த ஏபி வகையில் கலன், உருளை, வால்வு மூன்றும் தனித்தனியே தொங்கும். 1929-ஆம் ஆண்டு வண்டிக்கு கே வகையே பொருந்தும். மாதிரியில் அது சரியாக இருந்தால், கட்டியவர் அல்லது கிட் (வாங்குபவர் தாமே கட்டிக்கொள்ளும் பாகங்களின் தொகுப்பு) தயாரித்தவர் உண்மை வண்டியை நன்றாகப் படித்தவர் என்று கொள்ளலாம். இது வயதைச் சொல்லாது, தரத்தைச் சொல்லும்.

உள்ளே உருளுவது பெரும்பாலும் எடைக்காக வைத்த பொருளாக இருக்கும். என்எம்ஆர்ஏ பரிந்துரைப்படி ஹெச்ஓ வண்டிக்கு அடிப்படையாக ஓர் அவுன்ஸும், நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்ஸும் வேண்டும். ஐந்து அங்குலமுள்ள உங்கள் பெட்டிக்கு மூன்றரை அவுன்ஸ், அதாவது சுமார் 100 கிராம். மரமும் அட்டையும் அந்த எடைக்கு வராது என்பதால் கட்டுவோர் கைக்குக் கிடைத்த இரும்பை உள்ளே ஒட்டுவார்கள். பசை காய்ந்து உதிர்ந்ததும் அது உருளத் தொடங்கும்.

கேட்டவர்

இருவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. கதவின் அகலம் 14 மில்லிமீட்டர். போகி மெழுகு போல் வழுக்கத்தான் செய்கிறது. இணைப்பி நீங்கள் விவரித்த கொம்பு வகையே. அதன் பெட்டி அடித்தளத்தில் பசையால் ஒட்டப்பட்டுள்ளது. அதற்குச் சற்றுப் பின்னால், வண்ணம் பூசிய மரத்தில் இரண்டு சிறு துளைகள் வெறுமையாக இருக்கின்றன. போகியின் திருகைக் கழற்றியபோது, அதன் அடியில் இப்போதைய போகியைவிடப் பெரிய வட்டமாக வண்ணம் தேய்ந்த தழும்பு தெரிந்தது. வேறொரு போகி நீண்ட காலம் அங்கே சுழன்றிருக்கிறது என்று எனக்கே புரிந்தது. பிரேக் உறுப்பு ஒன்றாகச் சேர்ந்த வகை.

இன்னொரு செய்தி. ஒரு முகப்பு ஏற்கெனவே தளர்ந்திருந்தது. மெல்லத் தொட்டதும் பெயர்ந்துவிட்டது. உள்ளே இரண்டு இரும்பு நட்டுகள் இருந்தன. ஒன்று இன்னும் ஒட்டியபடியே இருக்கிறது, மற்றது உருண்டுகொண்டிருந்தது. அட்டைச் சுவரும் அடித்தளமும் சேரும் மூலையில், வலுவுக்காக ஒரு பழுப்புக் காகிதப் பட்டையை ஒட்டியிருக்கிறார்கள். அது ஏதோ அஞ்சல் உறையிலிருந்து கிழித்தது போலும். அதன் ஓரத்தில் சிகாகோ 6, இல்லினாய் என்று அச்சிட்ட முகவரியின் முடிவு தெரிகிறது. அந்தப் பட்டையின் மேல்தான் நட்டு ஒட்டியிருக்கிறது. முகப்பு வார்ப்பின் உட்புறம் சாம்பல் நிறம். சில இடங்களில் வெண்ணிறப் பொடி படர்ந்திருக்கிறது. இதைத் துடைக்கலாமா?

மறுமொழி 3

துடைக்க வேண்டாம். இந்த ஒரு செய்திக்காகவே எழுத வந்தேன்.

அந்த முகப்பு எடை மிகுந்ததாகவும், நகத்தால் அழுத்தினால் கீறல் விழும் அளவுக்கு மென்மையாகவும் இருந்தால் அது ஈயம் மிகுந்த வார்ப்பு. வெண்பொடி ஈயத்தின் உப்பு. மரமும் மட்டமான அட்டையும் காலப்போக்கில் அசெட்டிக் அமில ஆவியை வெளியிடும். மூடிய பெட்டிக்குள் அந்த ஆவி ஈயத்தை மெல்லத் தின்னும். பொடி நச்சுத்தன்மை கொண்டது. உலர்ந்த துணியால் துடைத்தால் காற்றில் பறக்கும். கையுறை அணிந்து, சற்றே ஈரமான பஞ்சால் உலோகத்தை மட்டும் ஒற்றி எடுங்கள். அட்டையில் நீர் படவே கூடாது. பின்பு கைகளை நன்றாகக் கழுவுங்கள். வண்டியை மர அலமாரியிலும் சாதாரண அட்டைப் பெட்டியிலும் வைக்காமல், காற்றோட்டமுள்ள இடத்தில் அமிலமற்ற தாளில் வையுங்கள்.

வார்ப்பு ஈயமாக இல்லாமல் கடினமான துத்தநாகக் கலவையாக இருந்து, வெடிப்புகளும் வீக்கமும் தெரிந்தால் நோய் வேறு. கலவையில் ஈயம் போன்ற மாசு கலந்துவிட்டதால் உலோகம் உள்ளிருந்தே நொறுங்கும் குறைபாடு அது. அதற்கு மருந்து கிடையாது. அளவெடுத்துப் படம் பிடித்து வைப்பதுதான் செய்யக்கூடியது.

பெயர்ந்த முகப்பை உடனே ஒட்டிவிடாதீர்கள். உட்புறத்தைப் பல கோணங்களில் படமெடுத்த பிறகு ஒட்டினால் போதும். அந்தக் காகிதப் பட்டையை எக்காரணத்தாலும் பிரிக்க வேண்டாம். அதன் பெருமதிப்பை அடுத்து வருபவர்கள் சொல்வார்கள் என்று நம்புகிறேன்.

மறுமொழி 2-இன் தொடர்ச்சி

காகிதப் பட்டையைப் பற்றிப் படித்ததும் எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைக்க முடியவில்லை. சிகாகோ 6 என்பதில் உள்ள 6, அஞ்சல் மண்டல எண். அமெரிக்க அஞ்சல் துறை பெருநகரங்களுக்கு இந்த எண்களை 1943-இல் கொண்டுவந்தது. 1963 ஜூலையில் ஐந்திலக்க ஜிப் எண் வந்தபோது அவை விடைபெற்றன. ஆகவே அந்தக் காகிதம் அச்சிடப்பட்டது 1943-க்கு முன்பு அன்று. நட்டு பட்டையின் மேல் ஒட்டியிருப்பதால், பட்டை பின்னாளில் யாரோ செய்த பழுதுபார்ப்பின் அடையாளமாக இருக்க வாய்ப்புக் குறைவு. பெட்டியை முதலில் கட்டியவர் கையே அதை வைத்தது என்று நான் கொள்கிறேன்.

இதோடு உலோக முகப்பைச் சேர்த்து எண்ணுங்கள். 1942-இன் நடுவில் போர்க்கால உற்பத்தி வாரியம் உலோகப் பொம்மைகளின் தயாரிப்பை நிறுத்தியது. மாதிரி ரயில் தொழிலும் உலோகம் இன்றித் தவித்தது. லயனல் நிறுவனம் 1943-இல் முழுக்க முழுக்கத் தாளால் ஆன ஒரு ரயிலை விற்க நேர்ந்தது என்றால் நிலைமையை உணரலாம். ஆகவே வார்ப்பு முகப்புகள் கொண்ட கிட் ஒன்று போருக்கு முன்போ போருக்குப் பின்போ விற்கப்பட்டிருக்கவே வாய்ப்பு மிகுதி. காகிதமோ 1943-க்கு முந்தைய காலத்தை விலக்கிவிடுகிறது. கட்டியது போருக்குப் பின் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. மறுபக்கம், 1950-களின் இறுதியில் அதர்ன் போன்றோரின் மலிவான பிளாஸ்டிக் கிட்கள் பெருகியதும் அச்சிட்ட அட்டைச் சுவர்கள் பின்னடைந்தன. இணைப்பியின் பழைய துளைகளும் கொம்பு வகை பரவுவதற்கு முந்திய காலத்தையே சுட்டுகின்றன. 1940-களின் பிற்பகுதி முதல் 1950-களின் நடுப்பகுதி வரை என்று வைத்துக்கொள்வது நியாயமான கணிப்பு. போருக்கு முன்பு வாங்கிய கிட்டைப் பின்னர் ஒருவர் கட்டியிருக்கவும் கூடும். கிட்களின் உலகில் விற்ற ஆண்டும் கட்டிய ஆண்டும் வேறு வேறு என்பதை மறக்கலாகாது.

தயாரித்தவர் யார் என்ற கேள்விக்கு வருகிறேன். அச்சிட்ட அட்டைப் பக்கங்கள், மரத் தளம், மரக் கூரை, வார்ப்பு முகப்பு என்ற சேர்க்கையைக் கண்டதும் என் நினைவில் முதலில் எழும் பெயர்கள் வால்தர்ஸ், ரெட் பால் ஆகிய இரண்டும்தான். வால்தர்ஸ் மில்வாக்கி நகரில் 1932-இல் தொடங்கப்பட்ட நிறுவனம். முதலில் பெரிய ஓ அளவில் செய்து, 1937 வாக்கில் ஹெச்ஓ-வுக்கும் வந்தது. இந்தத் தேதியே உங்கள் 1929 கணிப்பைத் தனியாக நின்று மறுக்கப் போதுமானது, ஏனெனில் அமெரிக்காவில் ஹெச்ஓ ஒரு பொழுதுபோக்காக வேரூன்றியதே 1930-களில்தான். என்எம்ஆர்ஏ சங்கம் பிறந்ததே 1935-இல்.

வார்னி, மான்டுவா, அதர்ன் ஆகியோரின் அக்கால வண்டிகளையும் சிலர் இங்கே முன்வைக்கலாம். ஆனால் அவர்கள் பெயர் பெற்றது உலோகப் பக்கங்களுக்கு. உங்கள் பக்கங்கள் உண்மையிலேயே அட்டைதான் என்பதை உறுதி செய்துகொள்ள ஒரு காந்தத்தை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். பக்கத்தின் கீழ் விளிம்பை உருப்பெருக்கியால் பார்த்தால் அட்டையின் அடுக்குகள் தெரியும்.

மறுமொழி 1-இன் தொடர்ச்சி

ஒரு திருத்தத்தையும் ஒரு வழியையும் சொல்லி முடிக்கிறேன்.

தயாரித்தவர் என்று ஒருவரைத் தேடுவதே இத்தகைய வண்டியில் சில சமயம் தவறாகிவிடும். அக்காலத்தில் பக்கங்களையும் முகப்புகளையும் போகிகளையும் தனித்தனி உதிரிகளாக விற்கும் வழக்கம் பரவலாக இருந்தது. ஒரு நிறுவனத்தின் பக்கங்களையும் மற்றொன்றின் முகப்புகளையும் சேர்த்துத் தம் விருப்பப்படி வண்டி கட்டியவர்கள் பலர். எனவே பக்கத்தைத் தனியாகவும் முகப்பைத் தனியாகவும் அடையாளம் காண முயலுங்கள். முகப்பின் உட்புறத்தில் வார்ப்பிலேயே எண்ணோ எழுத்தோ இருக்கிறதா என்று சாய்ந்த ஒளியில் பாருங்கள். நேரான ஒளியில் அது கண்ணுக்குப் படாது.

பக்கத்தை அடையாளம் காண உங்களிடம் நல்லதொரு சாவி இருக்கிறது. டெக்கால் எனப்படும் எழுத்துப் படலத்தை ஒட்டிய வண்டியில் எண்ணைக் கட்டுபவர் மாற்றிக்கொள்ளலாம். அச்சிட்ட அட்டையிலோ எண் பக்கத்தோடு சேர்ந்தே அச்சாகிறது. அந்தக் கிட்டை வாங்கிய எல்லோருக்கும் அதே எண்தான். ஆகவே உங்கள் வண்டியின் எழுத்துக் குறியையும் எண்ணையும் சேர்த்து அக்காலப் பட்டியல்களிலும் விளம்பரங்களிலும் தேடினால், ஒத்துவரும் படம் ஒன்று கிடைத்தாலே பக்கத்தை அச்சிட்டவர் யார் என்பது தெளிந்துவிடும். வால்தர்ஸின் பழைய விலைப்பட்டியல்களும், ஏ. சி. கால்ம்பாக் 1934 ஜனவரியில் மில்வாக்கியில் தொடங்கிய மாடல் ரெயில்ரோடர் இதழின் 1946 முதல் 1955 வரையிலான விளம்பரப் பக்கங்களும் முதலில் பார்க்க வேண்டியவை. படத்தில் எண் தெளிவாக இல்லாவிட்டால், எழுத்துகள் எந்தப் பலகைக் கோட்டில் தொடங்கி எந்தக் கோட்டில் முடிகின்றன என்று எண்ணி ஒப்பிடுங்கள். அச்சுத் தகடு ஒன்றே என்றால் அந்தக் கணக்கு பிசகாது.

கேட்டவர்

காந்தம் பக்கத்தில் ஒட்டவில்லை. கீழ் விளிம்பில் அட்டையின் அடுக்குகள் தெரிகின்றன. முகப்பின் உட்புறத்தில், மேசை விளக்கைத் தாழ்வாகச் சாய்த்து வைத்துப் பார்த்தபோது, எழுத்து எதுவும் இல்லை. வார்ப்பின்போது உலோகம் ஊற்றிய இடத்தை அரம் வைத்து ராவிய தடம் மட்டும் தெரிகிறது. எல்லாவற்றையும் படமெடுத்துவிட்டேன்.

ஹாங்காங் போகிகளைக் கழற்றிவிடும் எண்ணம் எனக்கு இருந்தது. இப்போது இல்லை. பெரியப்பா இந்த வண்டியைத் தம் தண்டவாளத்தில் ஓட்டிப் பார்க்க விரும்பி அவற்றைப் பொருத்தியிருப்பார் என்றே நினைக்கிறேன். அந்தத் தேய்ந்த வட்டத் தழும்பும் இந்தப் போகிகளும் சேர்ந்து இருப்பதே சரி. வண்டியின் எண்ணை எழுதி வைத்துக்கொண்டு 1946-ஆம் ஆண்டு இதழ்களிலிருந்து தேடத் தொடங்குகிறேன். ஒத்த படம் கிடைத்ததும், பலகைக் கோடுகளை எண்ணிய கணக்கோடு இங்கேயே பதிவிடுகிறேன்.